மரகைபோ ஏரியின் படகுகள்: எண்ணெய் சேவை நிறுவனப் பங்கும் அரசியல் ரிஸ்க்கும்

2009 மே 7 அன்று வெனிசுவேலா நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. எண்ணெய் உற்பத்திக்குத் துணையாக நடக்கும் சில வேலைகளை இனி அரசே வைத்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். கிணற்றுக்குள் நீர், நீராவி, வாயு செலுத்துவது, எரிவாயுவை அமுக்கி அனுப்புவது, மரகைபோ ஏரியில் ஆளையும் சரக்கையும் ஏற்றிச் செல்லும் படகுகள், பாரந்தூக்கிக் கப்பல்கள், முக்குளிப்போர் வேலை என்று பட்டியல் நீண்டது. மறுநாளே அதிபர் ஊகோ சாவேஸ் ஏரிக்கரையில் கூட்டம் கூட்டி அறிவித்தார். சுமார் 300 படகுகளும் 39 படகுத்துறைகளும் அரசு எண்ணெய் நிறுவனமான பெடெவெசாவின் கைக்குப் போயின. ஏறத்தாழ 8,000 தொழிலாளர்கள் அதன் சம்பளப் பட்டியலுக்கு மாற்றப்பட்டார்கள். சில வாரங்களில் எழுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் தொழிலை இழந்தன.

அவற்றில் பல உள்ளூர்க்காரர்கள் நடத்திய சிறு நிறுவனங்கள். அவர்களுக்குப் பன்னாட்டு நடுவர் மன்றத்தின் கதவு திறக்காது, அது அயல்நாட்டு முதலீட்டாளர்களுக்கு மட்டுமே. இந்த நிகழ்வில் மிக மோசமாக அடிபட்டவர்கள் அவர்கள்தான் என்பதே என் கணிப்பு. ஆனால் நீதிமன்ற ஆவணங்களையும் ஆண்டறிக்கைகளையும் விட்டுச் சென்றவர்கள் அயல்நாட்டு நிறுவனங்கள் என்பதால், டைட்வாட்டர், ஹெல்மெரிச் அண்ட் பெய்ன், எக்ஸ்டெரான் ஆகிய மூன்றை வைத்தே இதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூன்றும் அமெரிக்க நிறுவனங்கள், மூன்றும் பெடெவெசாவுக்கு வேலை செய்தவை. மூன்றுக்கும் கிடைத்த முடிவு வேறு வேறு.

சாவேஸின் அறிவிப்பைச் செய்தியில் பார்த்த அன்று பங்கை விற்றவர் நேரத்தோடு விற்றவர் அல்ல. பறிமுதல் அதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்கிவிட்டது. காலாண்டு அறிக்கைகளில் எல்லோரும் படிக்கும்படி அச்சாகியும் இருந்தது.

காசு வராத மாதங்கள்

எண்ணெய் நிறுவனத்தையும், அதற்குக் கிணறு தோண்டுவது, படகு ஓட்டுவது போன்ற வேலைகளைச் செய்து தரும் எண்ணெய் சேவை நிறுவனத்தையும் ஒரே தட்டில் வைத்து அரசியல் ரிஸ்க்கை எடைபோடுவது பலரிடம் உள்ள பழக்கம். இரண்டின் நிலையும் ஒன்றல்ல. வயலில் பங்கு வைத்திருக்கும் பெரிய எண்ணெய் நிறுவனத்திடம் அரசுக்குத் தேவையான ஏதோ ஒன்று இருக்கும். மூலதனம், கடன் வாங்கித் தரும் பலம், சந்தை, சுத்திகரிப்பு ஆலை என்று எதையாவது முன்வைத்து அது பேரம் பேசலாம். சேவை நிறுவனத்திடம் இருப்பது இரண்டே பொருள்கள்: அந்த நாட்டில் இறக்கிய தளவாடம், அந்த நாட்டுக்கு அனுப்பிய பில். தளவாடத்தை ஒரே நாளில் கப்பலேற்றிவிட முடியாது. பில்லுக்குப் பணம் தருவதோ தராததோ ஒரே ஒரு வாடிக்கையாளரின் விருப்பம். அந்த வாடிக்கையாளரே அரசு.

2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட எண்ணெய் விலை, அந்த டிசம்பரில் நாற்பதுக்கும் கீழே விழுந்தது. பெடெவெசா அப்போது வெறும் எண்ணெய் நிறுவனம் அல்ல. அரசின் சமூக நலத் திட்டங்களுக்கான செலவில் பெரும்பகுதியை அது நேரடியாகச் சுமந்துகொண்டிருந்தது. 2002 டிசம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சுமார் 18,000 ஊழியர்களை அது வெளியே அனுப்பியிருந்தது. அதனால் ரிக் (கிணறு தோண்டும் இயந்திரத் தொகுதி) ஓட்டுவதற்கும் படகு ஓட்டுவதற்கும் ஒப்பந்ததாரர்களையே அதிகம் நம்பியிருந்தது. வருமானம் சுருங்கியபோது நலத்திட்டத்தை வெட்டினால் தெருவில் எதிர்ப்பு வரும். கடன் பத்திரத்துக்கு வட்டி கட்டாவிட்டால் உலகச் சந்தை கைவிடும். ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுக்காவிட்டால்? உடனடியாக எதுவும் நடக்காது. அதனால் வெட்டு அங்கே விழுந்தது. 2009 தொடக்கத்தில் கட்டணங்களை 40 சதவீதம் குறைக்கும்படியும் பெடெவெசா கேட்டது.

ஹெல்மெரிச் அண்ட் பெய்ன் ஒக்லஹோமாவின் டல்சா நகரைச் சேர்ந்த ரிக் நிறுவனம், வெனிசுவேலாவில் அரை நூற்றாண்டுக்கும் மேல் வேலை செய்தது. 2009 ஜனவரியில், பாக்கி வராவிட்டால் முடிகிற ஒப்பந்தங்களைப் புதுப்பிக்க மாட்டோம் என்று அது வெளிப்படையாக அறிவித்தது. அதோடு கணக்குப் பதிவு முறையையும் மாற்றியது. அதுவரை வேலை முடிந்ததுமே வருமானமாக எழுதிவந்த தொகையை, இனி பெடெவெசாவிடமிருந்து ரொக்கம் கைக்கு வந்த பிறகே வருமானமாக எழுதுவோம் என்றது. கணக்காளர்கள் மட்டும் கவனிக்கும் குறிப்பு போலத் தோன்றும் வரி இது. ஆனால் முதலீட்டாளருக்கு அந்த ஆண்டு முழுவதும் கிடைத்த தகவல்களிலேயே கனமானது இதுதான். இந்த வாடிக்கையாளர் பணம் தருவார் என்று எங்களால் நியாயமாக எதிர்பார்க்க முடியவில்லை என்று நிர்வாகமும் தணிக்கையாளரும் சேர்ந்து எழுத்தில் சொல்லிவிட்டார்கள் என்பது அதன் பொருள். அதே மாதம் என்ஸ்கோ என்ற மற்றொரு நிறுவனம், பாக்கி வராததால் தன் கடல் ரிக் ஒன்றில் வேலையை நிறுத்தியது. அந்த ரிக்கை பெடெவெசா தானே எடுத்து ஓட்டத் தொடங்கியது. மே மாதச் சட்டம் வர அப்போது இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன.

வேலையை நிறுத்துவது ஒப்பந்தப்படி சரியான முடிவுதான். ஆனால் வேலை நின்ற ரிக் அரசின் கண்ணுக்கு உற்பத்தியைத் தடுக்கும் ரிக்காகத் தெரியும், எடுத்துக்கொள்வதற்கு அதுவே காரணமாகிவிடும். தொடர்ந்து வேலை செய்தாலோ பாக்கி ஏறிக்கொண்டே போகும். சேவை நிறுவனம் மாட்டிக்கொள்ளும் இந்த இக்கட்டிலிருந்து வெளியேற ஒரே வழி, பாக்கி சிறியதாக இருக்கும்போதே தளவாடத்தை வெளியே எடுத்துவிடுவது. ஹெல்மெரிச் அண்ட் பெய்ன் 2009 நவம்பருக்குள் ரிக்குகளைப் பிரித்து, தன் யார்டுகளில் அடுக்கி வைத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தது. 2010 ஜூனில் பெடெவெசா ஊழியர்களும் ஆயுதம் தாங்கிய தேசியக் காவல் படையினரும் அந்த யார்டுகளின் வாயிலை மறித்தார்கள். ஜூன் 29 அன்று பறிமுதல் ஆணை வந்தது. 11 ரிக்குகள் போயின.

மூன்று நிறுவனங்கள், மூன்று முடிவுகள்

2009 சட்டத்தில் இழப்பீட்டைப் பற்றி ஒரு பிரிவு இருந்தது. புத்தக மதிப்புதான் (கணக்கேட்டில் எழுதியிருக்கும் மதிப்பு) தரப்படும், இழந்த லாபம் கணக்கில் வராது, பணமாகவும் தரலாம், அரசுப் பத்திரமாகவும் தரலாம் என்றது. பழைய படகு ஒன்றின் புத்தக மதிப்பு, தேய்மானம் எல்லாம் போக, அது ஈட்டித் தரும் பணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. சேவை நிறுவனங்களின் சொத்தில் பெரும்பகுதி இப்படிப் பழையதாகி, ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இரும்புதான்.

எக்ஸ்டெரான் எரிவாயுவை அமுக்கும் இயந்திரங்களை வைத்திருந்தது. மூவரில் ஓரளவு நல்ல முடிவு கண்டது இதுதான். அதனிடம் அரசியல் ரிஸ்க் காப்பீடு இருந்தது, 2010 ஜனவரியில் அதிலிருந்து 5 கோடி டாலர் வந்தது. பின்னர் 2012 ஆகஸ்டில், பறிக்கப்பட்ட சொத்துகளை பெடெவெசாவின் எரிவாயுப் பிரிவுக்கே சுமார் 44.2 கோடி டாலருக்கு விற்பதாக ஒப்பந்தம் செய்தது. முதலில் 17.67 கோடி, மிச்சம் பல ஆண்டுத் தவணைகளில். காப்பீட்டுப் பணத்தை அந்த முதல் தொகையிலிருந்து திருப்பிக் கொடுத்தது. பேரத்தில் அதற்கு ஏன் இவ்வளவு பலம் என்று நான் யோசித்துப் பார்த்திருக்கிறேன். அமுக்கும் இயந்திரம் நின்றால் வாயு நகராது, வாயு உள்ளே போகாவிட்டால் பல வயல்களில் எண்ணெயும் மேலே வராது. படகுக்கு வேறு படகு கிடைக்கும். இந்த இயந்திரங்களுக்கு உதிரி பாகமும் தெரிந்த ஆளும் வேண்டும்.

டைட்வாட்டர் எண்ணெய் வயல்களுக்குப் படகு ஓட்டும் நிறுவனம், உலகெங்கும் நூற்றுக்கணக்கான கப்பல்கள் வைத்திருந்தது. மே மாதத்தில் மரகைபோவில் 11 படகுகள் போயின, ஜூலையில் மேலும் 4. அமெரிக்காவுக்கும் வெனிசுவேலாவுக்கும் இடையே முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தம் கிடையாது. பார்படோஸுக்கும் வெனிசுவேலாவுக்கும் இடையே இருந்தது. 2009 தொடக்கத்தில் டைட்வாட்டர் தன் வெனிசுவேலாத் தொழிலை ஒரு பார்படோஸ் நிறுவனத்தின் கீழ் கொண்டுவந்திருந்தது. உலக வங்கிக் குழுமத்தின் முதலீட்டுத் தகராறுத் தீர்வு மையத்தில் அமைந்த நடுவர் மன்றம் 2013-ல் இந்த மாற்றத்தைக் கூர்ந்து பார்த்தது. படகுகள் பறிக்கப்பட்டது மாற்றத்துக்குப் பிறகு நடந்தது, ஆகவே அந்த வழக்கை எடுத்துக்கொள்கிறோம் என்றது. பாக்கித் தகராறு மாற்றத்துக்கு முன்பே எழுந்துவிட்டது, ஆகவே பழைய பாக்கி எங்கள் வரம்புக்கு வெளியே என்றது. வெள்ளம் வருமுன் அணை போட்டவருக்கே பாதுகாப்பு, வந்த பிறகு போட்ட அணை அந்த வெள்ளத்துக்கு உதவாது என்பதை ஒரே தீர்ப்பின் இரண்டு பாதிகளில் காணலாம். ஒரு பங்கை வாங்குமுன், அந்தத் தொழில் எந்த நாட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது, எப்போதிலிருந்து இருக்கிறது என்று துணை நிறுவனப் பட்டியலைப் பார்ப்பது வீண் வேலை அல்ல.

2015 மார்ச்சில் இழப்பீடு தீர்மானமானது: 4.64 கோடி டாலர், அதன்மேல் வட்டியும் வழக்குச் செலவும். டைட்வாட்டர் கேட்டது இதைப்போலப் பல மடங்கு. இடைவெளிக்கு ஒரு பெரிய காரணம் கழிவு விகிதம். எதிர்கால வருமானத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும்போது, வெனிசுவேலா நாட்டு ரிஸ்க் என்று 14.75 சதவீதத்தை மன்றம் ஏற்றுக்கொண்டது. இதன் கனத்தைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். ஆண்டுதோறும் 1 கோடி டாலர் தரும் தொழிலை 10 சதவீதத்தில் மதிப்பிட்டால் 10 கோடி வரும். அதோடு சுமார் 15 சதவீத நாட்டு ரிஸ்க்கைச் சேர்த்து 25 சதவீதத்தில் மதிப்பிட்டால் 4 கோடிதான். படகும் ஒப்பந்தமும் ஆட்களும் மாறவில்லை, மதிப்பு மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது. 2009 மே மாதத்தில் அந்தத் தொழிலை வாங்க வரும் ஒருவர் நாட்டின் பொதுவான ரிஸ்க்கைக் கணக்கில் எடுத்திருப்பார் அல்லவா என்பது மன்றத்தின் நியாயம். எனக்கு இது உறுத்துகிறது. ஒரு அரசு எந்த அளவுக்கு முதலீட்டாளர்களைப் பயமுறுத்துகிறதோ அந்த அளவுக்கு அது தர வேண்டிய இழப்பீடு குறைகிறது என்றாகிவிடுகிறது. இந்த உறுத்தல் எனக்கு மட்டும் தோன்றியதல்ல. 2014 செப்டம்பரில் கோல்ட் ரிசர்வ் என்ற தங்கச் சுரங்க நிறுவனம் அதே வெனிசுவேலாவுக்கு எதிராகத் தொடுத்த வழக்கில் வேறொரு மன்றம், நாட்டுடைமையாக்கும் கொள்கையால் எழுந்த அச்சத்தை விகிதத்தில் ஏற்றக்கூடாது என்று சொல்லி நாட்டு ரிஸ்க்கை 4 சதவீதத்தில் நிறுத்தியது. ஆறு மாத இடைவெளி, ஒரே நாடு, 4-க்கும் 14.75-க்கும் இடையே உங்கள் பணம். இழப்பீடு வழக்கு ஜெயித்துவிடும் என்று பங்கு வாங்குபவர் யோசிக்க வேண்டிய தூரம் அது.

அதோடும் முடியவில்லை. மதிப்பீட்டின் ஒரு பகுதிக்குத் தரப்பட்ட காரணங்கள் முரண்படுகின்றன என்று 2016 டிசம்பரில் மறுபரிசீலனைக் குழு தீர்ப்பின் ஒரு பகுதியை ரத்து செய்தது. தொகை சுமார் 3.64 கோடி டாலராகக் குறைந்தது. இதற்கிடையில் வெனிசுவேலா 2012-ல் அந்தத் தீர்வு மையத்திலிருந்தே விலகிவிட்டது. தீர்ப்புத் தாள் கையில் வந்தும் பணம் வரவில்லை. அமெரிக்காவில் பெடெவெசாவுக்குச் சொந்தமான சிட்கோ சுத்திகரிப்பு நிறுவனத்தின் தாய் நிறுவனப் பங்குகளை விற்றுக் கடன்காரர்களுக்குத் தருவதற்கான டெலவர் நீதிமன்ற நடவடிக்கையில், நீண்ட வரிசையில் டைட்வாட்டரின் பெயரும் சேர்ந்தது.

ஹெல்மெரிச் அண்ட் பெய்னுக்கு அப்படி எந்த நாட்டு முதலீட்டு ஒப்பந்தத்தின் பாதுகாப்பும் இல்லை, அதனால் 2011-ல் வாஷிங்டன் நீதிமன்றத்துக்குப் போனது. அயல்நாட்டு அரசின் மேல் அமெரிக்காவில் வழக்குப் போடலாமா என்ற தொடக்கக் கேள்வியே ஆறு ஆண்டுகள் ஓடி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 மே 1 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமித்துத் தீர்ப்பளித்தது: பன்னாட்டுச் சட்டத்துக்கு மாறாகச் சொத்து பறிக்கப்பட்டது என்று வாதிட இடமிருக்கிறது என்பது மட்டும் போதாது, அப்படித்தான் நடந்தது என்று சட்டப்படி நிலைநாட்ட வேண்டும். வெனிசுவேலாவுக்குச் சாதகமான தீர்ப்பு அது, வழக்கு மீண்டும் கீழே போனது. அமெரிக்க உள்நாட்டிலேயே பெரிய ரிக் கூட்டம் வைத்திருந்த நிறுவனம் என்பதால் அது தாங்கிக்கொண்டது.

சிறிய நிறுவனம் என்றால்

டைட்வாட்டருக்கு 15 படகுகள் என்பது மொத்தக் கப்பல்களில் ஒரு சிறு பங்கு. ஒரே நாட்டில், ஒரே வயலில் எல்லாவற்றையும் போட்ட சிறு நிறுவனத்துக்கு இந்த வசதி இல்லை. கஸகஸ்தானின் காஷகான் வயலை நம்பி இருந்த காஸ்பியன் சர்வீசஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவில் பதிவான, பங்குகள் அங்கே சிறு சந்தையில் கைமாறிய, ஆனால் அல்மாட்டியிலிருந்து இயங்கிய நிறுவனம். காஸ்பியன் கடலில் கப்பல் ஓட்டியது, ஐரோப்பிய மறுசீரமைப்பு வளர்ச்சி வங்கியின் பணத்தோடு பவுத்தினோவில் ஒரு கடற்தளமும் கட்டியது. காஷகானில் 2005-லேயே எண்ணெய் வரும் என்று முதலில் சொல்லியிருந்தார்கள். 2007 ஆகஸ்டில் அரசு சுற்றுச்சூழல் காரணம் காட்டி வேலையை நிறுத்தியது. 2008 ஜனவரியில் அரசு நிறுவனத்தின் பங்கு 8.33-லிருந்து 16.8 சதவீதமாக உயர்ந்த பிறகுதான் சமாதானம் வந்தது. உற்பத்தி தொடங்கியது 2013 செப்டம்பரில். சில வாரங்களில் குழாய்களில் வாயுக் கசிவு, மறுபடி நிறுத்தம். 2016 அக்டோபர் வரை எண்ணெய் வரவில்லை. கடற்தளத்துக்கு எதிர்பார்த்த வேலை வரவில்லை, கடனைக் கட்ட முடியவில்லை. அந்தப் படகுகளை யாரும் பறிக்கவில்லை. பெரிய நிறுவனங்களும் அரசும் நடத்திய பேரம், ஒரு பொறியியல் தோல்வி, இரண்டின் தாமதமே போதுமானதாக இருந்தது. பெரிய எண்ணெய் நிறுவனங்கள் பொறுத்துக்கொள்ளும் காலம் சிறு சேவை நிறுவனத்தின் ஆயுளைவிட நீளம்.

யாரும் எதையும் பறிக்காமலே பணம் சிக்கிக்கொள்வதற்கு நாணய விதி இன்னொரு வழி. அங்கோலாவில் எண்ணெய்த் துறைக் கட்டணங்கள் உள்ளூர் வங்கிகள் வழியாக, உள்ளூர் நாணயமான குவான்சாவில் போக வேண்டும் என்று வந்த சட்டம் 2013-ல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அங்கும் டைட்வாட்டர் இருந்தது, அரசு நிறுவனத்துடன் 49 சதவீதக் கூட்டில். கூட்டு நிறுவனம் வாடிக்கையாளரிடம் குவான்சாவில் வசூலித்தது, அதை டாலராக மாற்றி வெளியே அனுப்புவது கடினமானது. 2014 மார்ச்சில் கூட்டு நிறுவனத்திடமிருந்து வர வேண்டிய தொகை 40 கோடி டாலருக்கு மேல் சேர்ந்துவிட்டது. லாப நட்டக் கணக்கில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது, ரொக்கம் மட்டும் நாட்டை விட்டு வெளியே வரவில்லை. மரகைபோவில் போனதைவிடப் பல மடங்கு தொகை இப்படிச் சத்தமில்லாமல் சிக்கியிருந்தது. பத்திரிகையின் முதல் பக்கத்தில் வரும் ரிஸ்க்கைவிட நிறுவன அறிக்கையின் குறிப்புகளில் வரும் ரிஸ்க் பெரிது என்று நான் நம்புவதற்கு இந்த ஒப்பீடுதான் காரணம்.

ரஷ்யாவில் கிணறு தோண்டும் நிறுவனமான யூரேசியா டிரில்லிங்கில் பங்கு வைத்திருந்தவர்களுக்கு வேறு மாதிரி அனுபவம். 2015 ஜனவரியில் அதன் 45.65 சதவீதப் பங்கைப் பங்கொன்றுக்கு 22 டாலர் வீதம், மொத்தம் 170 கோடி டாலருக்கு வாங்க, பெரிய பன்னாட்டு எண்ணெய் சேவை நிறுவனமான ஷ்லம்பர்ஜே முன்வந்தது. ரஷ்யப் போட்டி ஆணையத்தின் அனுமதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. செப்டம்பர் இறுதியில் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அதன்பின் நிறுவனர்கள் தரப்பே ஏறத்தாழ பாதி விலைக்கு மற்றவர்களின் பங்குகளை வாங்கி லண்டன் பட்டியலிலிருந்து எடுத்தது. நன்றாக நடந்த நிறுவனம்தான். வாங்குவது யார் என்பதை அரசு தீர்மானிக்கும் நாட்டில், விற்கும் விலையையும் மறைமுகமாக அதுவே தீர்மானிக்கிறது.

இத்தகைய பங்கு எப்போதும் மலிவாகவே தெரியும். லாபத்தைப்போல நான்கு, ஐந்து மடங்கு விலை என்று பட்டியல்களில் கண்ணில் படும். அப்போது நான் முதலில் பார்ப்பது வாடிக்கையாளர் குறிப்பைத்தான். அமெரிக்க விதிப்படி வருமானத்தில் பத்து சதவீதமோ மேலோ தரும் வாடிக்கையாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்த வாடிக்கையாளர் அரசு நிறுவனம் என்றால், வர வேண்டிய பாக்கி விற்பனையைவிட வேகமாக வளர்கிறதா என்று அடுத்தடுத்த நான்கைந்து காலாண்டுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பேன். ஒப்பந்தத்தில் எவ்வளவு டாலரில், எவ்வளவு உள்ளூர் நாணயத்தில் என்பது அடுத்தது. வெனிசுவேலாவில் 2010 ஜனவரியில் அதிகாரபூர்வ மாற்று விகிதம் டாலருக்கு 2.15 பொலிவாரிலிருந்து 4.30 ஆனபோது, பொலிவாரில் நின்ற பாக்கி ஒரே நாளில் பாதியானது. ரொக்க இருப்பு எந்த நாட்டு வங்கியில் இருக்கிறது என்றும் தேடுவேன். பிறகு அந்த அரசு வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டிய பாக்கியையும், அந்த நாட்டில் நிற்கும் தளவாடத்தையும், அங்கிருந்து வரும் லாபத்தையும் மொத்தமாகப் பூஜ்யம் என்று எழுதிவிட்டு, மிச்சமுள்ள தொழில் கடனைக் கட்டி உயிரோடு இருக்குமா என்று கணக்குப் போடுவேன். இருக்கும், அந்த மிச்சத்துக்கே இன்றைய பங்கு விலை நியாயம் என்று வந்தால் வாங்கலாம். மிச்சமே இல்லை என்று வந்தால், லாபத்தைப்போல இரண்டு மடங்கு விலைக்குக் கிடைத்தாலும் நான் வாங்குவதில்லை.